கல்லூரியைத் தட்டிப் பார்த்தவர்

இருபத்திரண்டு ஆண்டுகளாக, விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு சிறு தொழிற்சாலையிலிருந்து, சுப்புராயன் தட்டிப் பார்க்காமல் ஒரு வாஷ்பேசின்கூட வெளியே போனதில்லை. சூளையில் வெந்து ஆறிய கழிப்பறைக் கோப்பைகளையும் வாஷ்பேசின்களையும் தரையில் வரிசையாக வைப்பார்கள். அவர் கையில் ஒரு சின்ன மரச்சுத்தி இருக்கும். விளிம்பில் ஒரு தட்டு, அடிவயிற்றில் ஒரு தட்டு. மணியடித்தாற்போல் ஒலி நீண்டால் முதல் தரம். ஒலி நன்றாக இருந்தும் மேற்பூச்சில் ஓர் ஊசித்துளையோ லேசான கோணலோ தென்பட்டால், அடிப்பக்கத்தில் அழியாத நீல மையால் ஒரு குறுக்குக் கோடு இழுப்பார். அது செகண்ட்ஸ், விலை பாதிக்கும் கீழே. ‘டொக்’ என்று ஒலி அமுங்கினால் உள்ளே விரிசல் என்று பொருள். அது நேரே உடைசல் குவியலுக்குப் போய்விடும். இந்த மூன்றில் எது என்று சொல்ல அவருக்கு நான்கு நொடிக்கு மேல் ஆகாது. அவர் சொன்னபின் மேலாளர்கூட மறுபேச்சுப் பேசுவதில்லை.

சுப்புராயன் 1960ஆம் ஆண்டு கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருந்த நிலம் அண்ணன் தம்பி நால்வருக்கும் காணாது என்று ஆனபிறகு, 1983இல் நகரத்துக்கு வந்து சூளையில் சரக்கு அடுக்கும் வேலையில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் அவருடைய காது நல்ல காது என்று தெரிந்துபோய், தரம் பார்க்கும் வேலை அவரைத் தேடி வந்தது. மனைவி வீரம்மாள் பக்கத்துப் பட்டறை ஒன்றில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் தீட்டினார். இவர்களுக்கு ஒரே மகள், பூர்ணிமா.

பூர்ணிமா பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, 2005 செப்டம்பரில், கடும் காய்ச்சலும் அடிவயிற்று வலியுமாக மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தாள். சிறுநீரில் தொற்று. “ஏம்மா, நீ தண்ணியே குடிக்க மாட்டியா?” என்று கேட்டார் மருத்துவர். பூர்ணிமா கூசிக்கொண்டே, “ஸ்கூல்ல குடிக்க மாட்டன் டாக்டர். குடிச்சா போவணும் இல்ல” என்றாள். அவள் படித்த பள்ளியில் மாணவிகள் அறுநூறு பேர், கழிப்பறைகள் நான்கு. அவற்றிலும் இரண்டுக்குக் கதவு இல்லை. காலை எட்டு மணிக்கு வீட்டிலிருந்து புறப்பட்டால் மாலை ஐந்து மணிக்குத் திரும்பும்வரை அவளும் அவள் தோழிகளும் தொண்டையை நனைப்பதோடு சரி. இது ஆறாம் வகுப்பிலிருந்தே வழக்கமாகியிருந்தது. வீரம்மாளுக்குத் தெரியும். சுப்புராயனுக்குத்தான் தெரியாது.

கட்டிலருகே நின்று அதைக் கேட்டவருக்கு முகம் செத்துப்போயிற்று. மாவட்டத்துக் கழிப்பறைகளில் பாதி அவர் கைபட்டுப் போனவை. தன் மகளுக்கு ஒன்று இல்லாமல்போனது அவருக்கு யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அன்று அவர் மனத்துக்குள் முடிவு செய்ததை வெளியே சொல்ல ஒன்றே முக்கால் ஆண்டு ஆயிற்று.

2007 மே மாதம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. பொறியியல் சேர்க்கைக்கான பூர்ணிமாவின் கட்-ஆஃப் இருநூற்றுக்கு 152.5. நுழைவுத் தேர்வு நீக்கப்பட்ட முதல் ஆண்டு அது. பூர்ணிமாவுக்கு ஈ.சி.ஈ., அதாவது மின்னணுத் தொடர்பியல், படிக்க ஆசை. அந்த மதிப்பெண்ணுக்குப் பெரிய கல்லூரிகள் எட்டாது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய சுற்றுவட்டாரத் தனியார் கல்லூரிகளில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும். கணக்கு ஆசிரியை தன் விடுமுறையில் வரவழைத்து விண்ணப்பத்தை நிரப்பித் தந்தார். “எந்தக் காலேஜுன்னு மட்டும் நேர்ல போயி பாத்து முடிவு பண்ணுங்க. விளம்பரத்த நம்பாதீங்க” என்றும் சொல்லி அனுப்பினார்.

அப்போதுதான் சுப்புராயன் தன் முடிவைச் சொன்னார். “பாடம் கீடமெல்லாம் எனக்குத் தெரியாது. அத நீ பாத்துக்க, பாப்பா. நான் கக்கூஸ பாப்பன். அது சரியில்லன்னா அந்தக் காலேஜு வாணாம்.”

வீரம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார். செய்தி மறுநாள் தொழிற்சாலைக்குள் பரவியதும், சூளை அடுக்கும் தமிழ்ச்செல்வனுக்கு வாய்க்கு அவல் கிடைத்தாற்போல் ஆயிற்று.

“யோவ் மாமா, ஊரு ஒலகத்துல பொண்ண காலேஜி சேக்கறவன் வாத்தியார பாப்பான், லேபு பாப்பான். கக்கூஸ எட்டிப் பாக்கற மொத ஆளு நீதான்யா.”

“நீ போயி சூளைய அடுக்குடா.”

“சுத்தியும் எடுத்துக்கினு போவியா?”

“பின்ன? வெறுங்கையோட போயி என்னாத்த பாக்கறது?”

ஜூன் 9, சனிக்கிழமை. தந்தையும் மகளும் வேப்பூரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு கல்லூரிக்குப் போனார்கள். தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆன கல்லூரி. அதை நெடுஞ்சாலைக் கல்லூரி என்றே வைத்துக்கொள்வோம். விடுமுறைக்காலம் என்பதால் மாணவர்கள் யாரும் இல்லை. கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞர் வாசலிலேயே வரவேற்று, குளிர்பானம் தந்து, கண்ணாடி பதித்த கட்டடத்தையும் வரிசையாய் நின்ற மஞ்சள் பஸ்களையும் காட்டினார். பூர்ணிமாவைக் கணினிக் கூடத்துக்கு அழைத்துப் போக இன்னொருவர் வந்தார். அந்த இடைவெளியில் சுப்புராயன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பொம்பளப் புள்ளைங்க பாத்ரூமு எங்க இருக்குது, தம்பி?” என்று கேட்டார்.

இளைஞர் ஒரு கணம் திகைத்தாலும், உடனே முகம் மலர்ந்து முதல் மாடிக்கு அழைத்துச் சென்றார். சுப்புராயன் துணிப்பையிலிருந்து மரச்சுத்தியை எடுத்தார். எட்டு அறைகள், ஆறு வாஷ்பேசின்கள். ஒவ்வொன்றாய்த் தட்டிக்கொண்டு வந்தார். அத்தனையும் கணீரென்று ஒலித்தன. ஓர் ஊசித்துளை இல்லை, ஒரு கோணல் இல்லை. வெளிமாநிலத்துப் பெரிய நிறுவனம் ஒன்றின் முதல் தரச் சரக்கு. பளிங்குபோல் மின்னிற்று. தன் ஆயுளில் அப்படியொரு வரிசையை ஒரே இடத்தில் அவர் பார்த்ததில்லை. சுத்தியைப் பைக்குள் வைக்கும்போது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில், “முடிஞ்சிது பாப்பா. இதான் காலேஜு” என்றார்.

“இன்னொண்ணு பாக்கணும்னு சொன்னனே, ஸ்ரீமுஷ்ணம் ரோட்டுல. இந்தக் காலேஜு சார் ஒரு கேள்வி கேட்டாக்கூட புக்லெட்டத்தான் புரட்டிப் புரட்டிக் காட்டறாருப்பா. ஈ.சி.ஈ. லேபு எங்கன்னா பூட்டியிருக்குதுங்கறாரு.”

“லீவு நாளு, பூட்டித்தான் இருக்கும். சரி, அதையும் பாத்துட்டு வரலாம்.”

அடுத்த சனிக்கிழமை அங்கே போனார்கள். அது பதினான்கு ஆண்டுப் பழைய கல்லூரி. சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. வரவேற்க யாரும் இல்லை. காவலாளி கைகாட்டிய பக்கம் போனால் அலுவலகக் கண்காணிப்பாளர் ஜெயராஜ் கோப்புகளுக்கு நடுவே தலையைத் தூக்கி, “பாருங்க, தாராளமா பாருங்க. எதையும் பூட்டி வெக்கல” என்றார். பூர்ணிமா ஆய்வகக் கட்டடத்துக்குப் போனாள். சான்றிதழ் வாங்க வந்திருந்த முன்னாள் மாணவி ஒருத்தியை அங்கே கண்டு, முக்கால் மணி நேரம் பேச்சுக் கொடுத்தாள். எந்த ஆசிரியர் எப்படி, எந்தக் கருவி ஓடும், எது ஓடாது என்று அந்தப் பெண் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். முகம் தெரியாத அந்த அக்காவுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும் என்று பூர்ணிமா பின்னாளில் சொல்வதுண்டு.

சுப்புராயனோ பெண்கள் கழிப்பறையில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். வாஷ்பேசினைத் தட்டினார், ஒலி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேற்பூச்சில் ஓர் ஊசித்துளை. அடுத்ததில் லேசான கோணல். சந்தேகம் தட்டியது. குனிந்து அடிப்பக்கம் தலையை நீட்டிப் பார்த்தார். நீல மையில் ஒரு குறுக்குக் கோடு. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த கோடு. அவர் கையே இழுத்த கோடு. அத்தனை வாஷ்பேசினிலும், இரண்டு வரிசையிலும், அதே கோடு.

எழுந்து வெளியே வந்தவர் பூர்ணிமாவை அழைத்துக்கொண்டு நேரே பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார். “அந்தக் காலேஜு வாணாம்.”

“ஏம்பா?”

“செகண்ட்ஸ் வாங்கிப் போட்டிருக்கறானுவ. நானே கழிச்சி வுட்டது. புள்ளைங்க பொழங்கற எடத்துல கழிச்சத மாட்டறவன், பாடத்த மட்டும் முழுசா குடுப்பானா?”

பொம்மைக்குப் புருவம் தீட்டிய கறுப்பு மை விரலிலிருந்து போகாமல் தேய்த்துக்கொண்டிருந்த வீரம்மாள் நிமிர்ந்தார். “நம்ம வூட்டுல இருக்கறது என்னாவாம்? அதுவும் நீங்க கோடு போட்டு எடுத்தாந்ததுதான? பன்னெண்டு வருஷமா பொழங்கலயா?”

“வூடு வேற, காலேஜு வேற.”

“அது எப்படி வேற?” என்று கேட்டாள் பூர்ணிமா. “செகண்ட்ஸுல தண்ணி போவாதாப்பா?”

“அதெல்லாம் போவும்.”

“ஒழுவுமா?”

“என் கோடு போட்டது ஒழுவாது. பார்வைக்குத்தான் கொறை.”

“அப்ப அந்தப் பெரிய காலேஜுல மட்டும் என்னா ஒசத்தி? தண்ணி நல்லா வந்துச்சா?”

சுப்புராயன் யோசித்துப் பார்த்தார். அங்கே எட்டு அறைக் கோப்பைகளையும் ஆறு வாஷ்பேசின்களையும் தட்டினார். ஒரு குழாயையாவது திறந்தாரா? இல்லை. திறக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாய் அவர் பார்த்த பீங்கானெல்லாம் காய்ந்த பீங்கான். தண்ணீர் விட்டுப் பார்ப்பது கடைசிக் கொட்டகையில் வேறொரு ஆளின் வேலை. மரச்சுத்தியோடு போனவர் தன் வேலையை மட்டும் பழுதில்லாமல் செய்துவிட்டு வந்திருந்தார்.

“சத்தத்த கேட்டேன். தண்ணிய கேக்கல” என்று மெதுவாகச் சொன்னார்.

ஜூலை தொடக்கத்தில் கல்லூரிகள் திறந்தன. கவுன்சிலிங் தேதி ஜூலை 26 என்று அழைப்புக் கடிதம் வந்துவிட்டது. அன்று ஒரு முறை சொல்லும் பெயர்தான் நான்கு ஆண்டுக்கும் நிற்கும். மேலாளரிடம் சுப்புராயன் ஒரு நாள் விடுப்புக் கேட்டார். “எதுக்குய்யா?” என்றார் மேலாளர். “ரெண்டாந்தரம் பாக்கணும், சார். மொதத் தரம் தப்பா பாத்துட்டன்.” இருபத்திரண்டு ஆண்டில் அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை என்பதால் மேலாளர் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தார்.

ஜூலை 4, புதன்கிழமை. இந்த முறை சுப்புராயன் தனியாகப் போனார், அன்று போட்டுப்போன வெள்ளைச் சட்டை இல்லாமல். வேலைக்குப் போகும் காக்கிச் சட்டை, தோளில் துணிப்பை. நெடுஞ்சாலைக் கல்லூரியின் வாசலில் காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்து, “பிளம்பரா?” என்றார். சுப்புராயன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “போ, போ, மாரியம்மா உள்ளதான் இருக்குது” என்று காவலாளியே அனுப்பிவைத்தார்.

முதல் மாடிக் கழிப்பறையில் பூட்டுத் தொங்கிற்று. படிக்கட்டு ஜன்னல் வழியே பார்த்தார். இடைவேளை மணி அடித்திருந்தது. பெண்கள் மூன்று பேர், நான்கு பேராகச் சேர்ந்து கட்டடத்துக்குப் பின்னால் வேகமாக நடந்தார்கள். அங்கே தகரம் அடித்த ஒரு கொட்டகை. வாசலில் ஒரு தண்ணீர் டிரம். வெயிலில் நீண்ட வரிசை. வரிசையின் கடைசியில் இருந்த இரண்டு பெண்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, போகாமலே திரும்பிவிட்டார்கள்.

துப்புரவுப் பணியாளர் மாரியம்மாள் துடைப்பத்தோடு வந்தார். “யாருங்க? லைன் குடுக்க வந்தவரா?”

“என்னா லைனுங்க?”

“தண்ணி லைனுதான். மூணு வருஷமா இன்னிக்கி குடுக்கறன், நாளிக்கி குடுக்கறன்றாங்க.” அவர் இடுப்பிலிருந்த சாவியால் பூட்டைத் திறந்துவிட்டார். “இது பெத்தவங்க பாக்க வந்தா தொறக்கறதுங்க. நான் வாரத்துக்கு ஒருக்கா தூசி தட்டுவன். பொழங்குனாத்தான கழுவறதுக்கு?”

சுப்புராயன் ஒரு குழாயைத் திருகினார். ‘உஸ்’ என்று காற்று வந்தது. அடுத்ததைத் திருகினார். அதிலும் காற்று. அவர் கண்கலங்கிப் பார்த்த அந்த வெண்மை, யாரும் தொடாத வெண்மை என்று அப்போதுதான் விளங்கியது. தனக்குத்தானே வெட்கப்பட்டார். “நல்லா இருங்கம்மா. நீங்க மட்டும் சொல்லலன்னா எம்பொண்ண இங்க கொண்டாந்து வுட்டிருப்பன்” என்று கைகூப்பினார்.

“அய்யோ, நான் சொன்னன்னு சொல்லிப்புடாதீங்க” என்று பதறினார் மாரியம்மாள்.

“உசுரு போனாலும் சொல்ல மாட்டன்.”

அங்கிருந்து நேரே பஸ் பிடித்து, விருத்தாசலத்தில் மாறி, மூன்று மணிக்குப் பழைய கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேயும் இடைவேளை. பெண்கள் கழிப்பறை வாசலுக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது. வாசலில் ஓர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, போகிறவளையும் வருகிறவளையும் ஒரு பாட்டம் வைதுகொண்டிருந்தார்.

“ஏ ஒசரக்காரி, கொழாய மூடிட்டுப் போடி! ஒங்கப்பன் வூட்டுத் தண்ணியா? ஏம்மா, நீ அந்தப் பக்கம் போ, அங்க மூணு காலியா கெடக்குது பாரு.”

“ராஜம்மாக்கா, கோச்சுக்காதீங்க!” என்று பெண்கள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். ஒருத்தி அங்கேயே நின்று தன் பாட்டிலை அண்ணாந்து கடகடவென்று குடித்தாள். ஐந்தே நிமிடத்தில் இடம் காலியாயிற்று. ராஜம்மாள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

சுப்புராயன் அலுவலகத்துக்குப் போய் ஜெயராஜ் முன்னால் நின்றார். சுற்றி வளைக்கத் தெரியாமல் கேட்டே விட்டார். “சார், தப்பா நெனக்கக் கூடாது. பாத்ரூமுக்கு ஏன் செகண்ட்ஸ் வாங்குனீங்க?”

ஜெயராஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைக் கூர்ந்து பார்த்தார். “செகண்ட்ஸுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அடியில நீலக் கோடு இருக்குது பாருங்க, அது நான் போட்டதுங்க.”

ஜெயராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “அட, அது நீங்கதானா! உக்காருங்க, உக்காருங்க. ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரே வரிசைதாங்க இருந்துச்சு, அதுவும் ஒடஞ்சி கெடந்துச்சு. பொண்ணுங்க கிளாஸுக்கு லேட்டாவே வரும். கேட்டா வாயத் தொறக்காது. அத எடுத்துட்டு, ஒதுக்கின தொகைக்கு நல்லதா வாங்குனா மறுபடி ஒரு வரிசைதான் போட முடியும். தேறுன செகண்ட்ஸா வாங்குனா ரெண்டு வரிசை போடலாம், ஒரு ஆளயும் நாள்பூரா வேலைக்கு வெக்கலாம்னு கணக்குப் போட்டோம். உங்க பேட்டைக்கு நானே வந்து எடுத்தேன். இன்னி வரைக்கும் ஒண்ணு ஒழுகினதில்ல, ஒண்ணு ஒடஞ்சதில்ல.”

சுப்புராயன் கோடு போட்டுக் கழித்த சரக்கு எந்த ஊருக்குப் போயிற்று, எப்படி உழைத்தது என்று இத்தனை ஆண்டில் ஒருவரும் அவரிடம் வந்து சொன்னதில்லை. டீ வந்தது. குடித்துவிட்டு, “ரொம்ப சந்தோஷங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். வீட்டுக்கு வந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். “பாப்பா சொன்னதுதான் சரி. எனக்குக் கண்ணு அவிஞ்சி போச்சு” என்று மனைவிக்கு முன்னாலேயே ஒப்புக்கொண்டார். வீரம்மாள் அதைச் சொல்லிக்காட்டாமல் சோற்றைப் போட்டார். அதுவும் நன்றியோடு குறித்துவைக்க வேண்டிய ஒன்றுதான்.

ஜூலை 26, வியாழக்கிழமை, சென்னை. கவுன்சிலிங் நடக்கும் வளாகத்தில் திருவிழாக் கூட்டம். காத்திருக்கும் கூடத்தில் பெரிய திரைகளில் கல்லூரி வாரியாக, படிப்பு வாரியாக, மீதமுள்ள இடங்களின் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. பூர்ணிமா உட்கார்ந்தபோது பழைய கல்லூரியில் ஈ.சி.ஈ. இடம் மூன்று என்றிருந்தது. சற்றைக்கெல்லாம் இரண்டு ஆயிற்று. அவள் நகத்தைக் கடித்தாள். அவள் வரிசை எண்ணை அழைக்க இன்னும் முப்பது பேர் இருந்தார்கள். ஒன்று ஆயிற்று. பிறகு அந்த ஒன்றும் போய் பூஜ்யம் நின்றது. நெடுஞ்சாலைக் கல்லூரியில் ஈ.சி.ஈ. நாற்பத்தொன்று.

திரையில் ஓடிய ஆங்கிலச் சுருக்கப் பெயர்கள் சுப்புராயனுக்குப் பிடிபடாவிட்டாலும் மகளின் முகம் பிடிபட்டது. தன் சுத்தியும் தன் பிடிவாதமும் சேர்ந்து பிள்ளையின் ஆசைப் படிப்பைப் பறித்துவிட்டனவோ என்று நினைத்தார். எண்ணை அழைத்தார்கள். உள்ளே போகும் வழியில் அவள் முழங்கையைத் தொட்டார்.

“பாப்பா, நீ ஆசப்பட்ட படிப்பு அங்கதான் இருக்குது. நான் சொல்லிட்டன்றதுக்காவ வுட்டுடாத. வருத்தப்பட மாட்டன்.”

கணினிக்கு முன்னால் இருந்த பெண், “எந்த காலேஜும்மா? சொல்லு, பின்னாடி ஆளு நிக்குது” என்றார்.

பூர்ணிமா திரையைப் பார்த்தாள். பழைய கல்லூரியில் ஈ.ஈ.ஈ. இடம் ஐந்து இருந்தது, மின்னியல். முன்னாள் மாணவி அந்தத் துறை ஆய்வகத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. அப்பாவின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னாள். “ஈ.சி.ஈ. லேப அங்க நான் கண்ணாலயே பாக்கலப்பா. பழைய காலேஜுல எல்லாத்தயும் தொறந்து வெச்சிருந்தாங்க. நாலு வருஷம் நான்தான இருக்கணும்? தெரிஞ்ச எடத்துக்கே போறன்.” பிறகு அந்தப் பெண்ணிடம் கல்லூரியின் எண்ணையும் ஈ.ஈ.ஈ. என்பதையும் தெளிவாகச் சொன்னாள்.

ஒதுக்கீட்டு ஆணை அச்சாகி வந்தது. வெளியே வந்ததும் சுப்புராயன் அதை இரண்டு கையாலும் வாங்கி, சந்தோஷத்தில் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்பதுகூடத் தெரியாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்ச்செல்வன் மட்டும் மறுநாள் விடவில்லை. “கரண்டு படிப்பா? என்னா மாமா, பொண்ண கம்பத்துல ஏத்திவுடப் போறியா?” என்றான். “ஏறட்டுமே. நீ கீழ நின்னு ஏணியப் புடி” என்றார் சுப்புராயன். கொட்டகையே சிரித்தது.

ஆகஸ்ட் 20, திங்கட்கிழமை, சேர்க்கை நாள். வகுப்பும் அன்றே தொடக்கம். மூன்று பேரும் போனார்கள். கையெழுத்தெல்லாம் முடிந்ததும், ஜெயராஜுக்கு நன்றி சொல்லிவிட்டு, சுப்புராயன் மகளையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கம் நடந்தார். ராஜம்மாள் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மூன்று பேர் வரிசையாய் வந்து நிற்பதைப் பார்த்து எழுந்துவிட்டார்.

“உக்காருங்கம்மா” என்றார் சுப்புராயன். வீரம்மாள் தன் கையால் கண் எழுதிய ஒரு ஜோடி பீங்கான் கிளிகளைத் தாளில் சுற்றி நீட்டினார். “எங்க பொண்ணு இன்னிக்கி இங்க சேந்துது. ஒங்களப் பாத்துட்டுத்தாங்க இந்தக் காலேஜ முடிவு பண்ணாரு இவரு.”

ராஜம்மாள் கிளிகளை வாங்கவும் மறந்து மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்னிய பாத்தா? பிரின்ஸ்பாலு, வாத்தியாரு எல்லாம் இருக்கறாங்க, என்னிய பாத்தா காலேஜி சேத்தீங்க? என்னாங்க இது கூத்து!”

“ஆமாங்க” என்றார் சுப்புராயன். கைகூப்பினார். பூர்ணிமாவும் கூப்பினாள்.

ராஜம்மாள் கிளிகளைத் தாளிலிருந்து பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டவர் உடனே குரலை உயர்த்திவிட்டார்.

“எல்லாஞ் சரி. பொண்ணே, இங்க வா. பஞ்சு பேடெல்லாம் மூலயில மூடி போட்ட கூடயிலதான் போடணும், தெரிதா? போன வருஷம் ஒருத்தி கோப்பைக்குள்ள போட்டு அடச்சி, நான் ரெண்டு நாளு கைய வுட்டு எடுத்தன். நீயும் அப்படிப் பண்ண, கிளி குடுத்தவங்க பொண்ணாச்சேன்னு பாக்க மாட்டன்!”

சுப்புராயன் சட்டென்று வேப்பமரத்தில் ஏதோ இருப்பதுபோல் அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார். வீரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். பூர்ணிமா சிரிப்பை அடக்க முடியாமல், “சரிங்கக்கா” என்று தலையை ஆட்டிவிட்டு, முதல் வகுப்புக்கு மணி அடித்ததும் ஓடினாள்.